அக்கா, எனக்கு நிறுத்தவே வரவில்லை!

கேள்வி: அக்கா, எனக்கு 21 வயது, ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரியில் கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை நாலு சக்கர ஸ்கேட்டில் ரேஸ் ஓடியிருக்கிறேன். 2025-ல் நம் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியதிலிருந்து எனக்கு அந்த விளையாட்டின் மேல் பைத்தியம். சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் பழைய இன்லைன் ஹாக்கி ஸ்கேட் ஒன்றை வாங்கி ஆறு மாதமாகத் தெருவில் ஓட்டுகிறேன். விடுமுறையில் சித்தி வீட்டுக்கு வடக்கே போனபோது முதல் முறையாக இரண்டு மணி நேரம் ஐஸில் இறங்கினேன். கணுக்கால் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டன, பாதம் வலி தாங்கவில்லை. முன்னால் போகிறேன், நிறுத்த மட்டும் வரவில்லை. சுவரில் மோதித்தான் நின்றேன். ஜனவரியில் லடாக்கின் லே நகரில் பத்து நாள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் மூன்று மாதம்தான். ஐஸே இல்லாத ஊரில் இருந்துகொண்டு என்ன செய்வது? 'கை கால் உடைஞ்சா யாரு பாக்குறது' என்று அம்மா வேறு பயப்படுகிறார்.

– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று எழுதியிருக்கிறாய், நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். 'சுவரில் மோதித்தான் நின்றேன்' என்ற வரிக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தாய். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஐஸில் நிறுத்துவதை நீ ஊரில் இருந்தபடி கற்றுக்கொள்ள முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்று மாதமும் அதிலேயே போய்விடும். ஐஸில் நிற்பது என்றால் பிளேடு பக்கவாட்டில் வழுக்கி ஐஸைச் சுரண்ட வேண்டும். சக்கரம் அப்படிச் செய்யாது. அது தரையைப் பிடித்துக்கொள்ளும், திருப்பினால் உன்னைத் தூக்கி எறியும். அதனால் நிறுத்துவதை லேக்கு ஒத்தி வைப்போம். ஆனால் நிறுத்துவதற்கு எது ஆதாரமோ, அதாவது முழங்காலை மடக்கி, கணுக்கால் சாயாமல், ஒற்றைக் காலில் நிற்பது, அதை முழுக்க முழுக்க காவேரிப்பட்டணத்திலேயே கற்கலாம். ஸ்கேட்டிங்கில் நீ ஓடுகிற நேரத்தில் பெரும்பகுதி ஒற்றைக் காலில்தான் இருக்கிறாய். ஒரு கால் தள்ளுகிறது, மற்ற கால் உன்னைச் சுமக்கிறது. அந்தச் சுமக்கிற கால் ஆடினால் மேலே எதுவும் சரியாக வராது. உனக்கு அன்று ரிங்கில், அதாவது ஐஸ் தளத்தில், குறைந்தது அதுதான்.

நாலு சக்கரத்தில் ரேஸ் ஓடியவள் என்பதால் இன்னும் இரண்டு விஷயம் உனக்குப் புரிய வேண்டும். அந்த ஸ்கேட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு மூலையிலும் சக்கரம் இருக்கிறது. நாற்காலி மாதிரி அது தானே நிற்கும், உன் கணுக்காலுக்கு வேலையே இல்லை. ஐஸ் பிளேடின் தடிமன் மூன்று மில்லிமீட்டர்தான். அதிலும் நடுவில் வாய்க்கால் மாதிரி குழித்து அரைத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் இரண்டு கூரான விளிம்பு. உள் எட்ஜ், வெளி எட்ஜ் என்போம். எந்த விளிம்பில் நிற்கிறாய் என்பதைக் கணுக்கால்தான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை சும்மா இருந்த கணுக்கால் இரண்டு மணி நேரத்தில் எப்படிச் சொல்லும்? இன்னொன்று, நாலு சக்கரத்தில் பழகியவர்கள் கால் விரலால் பின்பக்கமாக உதைத்துத் தள்ளுவார்கள். ஐஸில் அப்படி உதைத்தால் கால் வெறுமனே வழுக்கும். ஐஸில் பக்கவாட்டில் தள்ள வேண்டும், உள் எட்ஜ் முழுவதையும் அழுத்தித் தள்ள வேண்டும்.

எல்லாம் உன் தப்பும் இல்லை. வாடகை ஸ்கேட்டில் பூட் தொளதொளவென்று இருந்திருக்கும், பிளேடு மழுங்கியிருக்கும். நான் முதல் தடவை ஐஸில் இறங்கியபோது எனக்கு 23 வயது. அன்று கவுண்டரில் இருந்தவர் என் செருப்பு அளவைக் கேட்டு அதைவிட ஒரு சைஸ் பெரியதாகக் கொடுத்தார், 'கம்ஃபர்டா இருக்கும் மேடம்' என்றார். அரை மணி நேரத்தில் மல்லாக்க விழுந்து கையை ஊன்றினேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் இருந்தேன். ஹாக்கி ஸ்கேட் வழக்கமாகச் செருப்பு அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை சைஸ் சிறியதாக இருக்க வேண்டும். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் அந்தத் தொடுகை விலக வேண்டும். குதிகால் துளிகூட மேலே எழும்பக் கூடாது. உள்ளே ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போதும். தடிமனாக இரண்டு சாக்ஸ் போட்டால் கால் உள்ளே நீந்தும், அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் மடங்கிக்கொள்ளும், பாதம் வலிக்கும். உன் வலிக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். லேஸைக் கட்டும்போது விரல்பக்கம் கொஞ்சம் தளர்வாக விட்டு, பாதம் மேலே திரும்பி கணுக்காலாகிற அந்த வளைவில் நன்றாக இறுக்கு. கடைசிக் கண்ணியில் முழங்காலை மடக்க இடம் கொடு. இப்போது உன்னிடம் இருக்கிற இன்லைனிலும் இதே கணக்குதான்.

சரி, தினமும் என்ன செய்வது?

காலையில் பல் தேய்க்கும்போது செருப்பில்லாமல் ஒற்றைக் காலில் நில். பாதிப் பல் வலது காலில், பாதிப் பல் இடது காலில். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். கீழே பார்த்தால் முழங்கால் உன் கட்டைவிரலை மறைக்க வேண்டும். ஒரு வாரத்தில் சுலபமாகிவிடும். அப்புறம் நாலாக மடித்த போர்வை மேல் நில். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நில். சின்ன வேலையாகத் தெரியும். பாதத்தின் உள்வளைவும் கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகளும் இப்படித்தான் விழிக்கும்.

நிற்கும் நிலைக்கு நம் ஊரிலேயே உனக்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து போட்டால் ராத்திரி உட்கார்ந்து துரியோதனன் வேடக்காரரின் காலை மட்டும் பார். தலையில் கிரீடம், தோளில் கட்டை, அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு சபையைச் சுற்றி வருவார், சுழலுவார். முழங்கால் மடங்கியே இருக்கும், நெஞ்சு நிமிர்ந்திருக்கும், கிரீடம் மேலும் கீழும் குதிக்காது. பாரம் தாழ்ந்திருப்பதால்தான் அந்தச் சுழற்சியில் விழாமல் இருக்கிறார். ஐஸ் ஹாக்கிக்காரர் நிற்பதும் இப்படித்தான். உன்னை வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கச் சொல். ஓடும்போது உன் தலை எழும்பி எழும்பி இறங்கினால், ஒவ்வொரு தள்ளலுக்கும் காலை நீட்டி எழுந்துவிடுகிறாய் என்று அர்த்தம். வேகம் அங்கேதான் வீணாகிறது. இடுப்பிலிருந்து குனிந்து முதுகை வளைப்பவர்கள் பலர். அது மடக்குவது ஆகாது. மடங்க வேண்டியது முழங்காலும் கணுக்காலும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நமக்கு மழைக்காலம். ஈரத் தரையில் சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், வெளியே போகாதே. அந்த நாட்களுக்கு ஒரு சறுக்குப் பலகை செய்துகொள். சன்மைக்கா ஷீட் எட்டடிக்கு நாலடி வரும், பிளைவுட்டும் அதே அளவு. நீளவாக்கில் பாதியாக வெட்டச் சொன்னால் எட்டடி நீளம், இரண்டடி அகலம். பிளைவுட் மேல் சன்மைக்காவை ஒட்டி, ஐந்தடி இடைவெளியில் இரண்டு பக்கமும் மரச்சட்டத்தைத் திருகு போட்டு முடுக்கச் சொல். தச்சருக்கு ஒரு மணி நேர வேலை. உங்கள் ஊர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் மிச்சத் துண்டு கிடைத்தால் அதுவும் நல்ல சறுக்குப் பலகைதான். ஆனால் ஆறடிக்கு இரண்டடி, இரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்றால் அறுபது கிலோ வரும், தனியாகத் தூக்கப் பார்க்காதே. கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு ஒரு சட்டத்தை உள்பாதத்தால் தள்ளு, தாழ்ந்தபடியே சறுக்கி அடுத்த சட்டத்துக்குப் போ, தள்ளிய காலை உடனே உடம்புக்குக் கீழே கொண்டு வா. முப்பது வினாடி செய், ஒன்றரை நிமிஷம் ஓய்வு எடு, ஆறு முறை. மறுநாள் தொடையின் உள்பக்கமும் புட்டமும் வலிக்கும். முழங்கால் வலித்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுது.

இப்போது தெருவை விடு. கிருஷ்ணகிரிச் சுற்றில் நெடுஞ்சாலை சர்வீஸ் ரோடு பளபளவென்று இருக்கிறது என்று பசங்க அங்கே ஓட்டுவதைப் பார்க்கிறேன். லாரி போகும் சாலை, கல் தூள் சிந்திய சாலை. தயவுசெய்து அங்கே போகாதே. கல்லூரியிலோ பழைய பள்ளியிலோ சிமென்ட் போட்ட பேஸ்கெட்பால் கோர்ட் இருக்கும். அனுமதி கேட்டு வாரம் நாலு நாள், காலையில் நாற்பது நிமிஷம் போதும். ஓட்டும் முன் துடைப்பத்தால் பெருக்கு, ஒரு கடுகளவு கல் போதும் சக்கரத்தைப் பூட்ட.

அங்கே முதலில் கோலமாவால் ஒரு நேர்கோடு போடு. கோர்ட்டின் நீளம் 28 மீட்டர். அந்தக் கோட்டின் மேலேயே ஓட வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் கால் கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும். முடிந்ததும் நின்று பார், கோலமாவு எங்கே கலைந்திருக்கிறது என்று. கோட்டிலிருந்து அரை அடி தள்ளியே இரண்டு காலும் இறங்கியிருந்தால் நீ கால்களை அகட்டி வாத்து மாதிரி ஓடுகிறாய். பயத்தில் எல்லோரும் செய்வதுதான். அகட்டிய கால் ஏற்கெனவே வெளியே இருக்கிறது, மேற்கொண்டு தள்ள அதற்குத் தூரம் இல்லை. கால் கீழே வந்து சேர்ந்தால்தான் அடுத்த தள்ளல் நீளமாக வரும். பத்து தள்ளலில் கோர்ட்டைக் கடந்தவள் ஆறில் கடந்தால், முன்னேறியிருக்கிறாய். நேரத்தைக் கணக்கு வைக்காதே, தள்ளலை எண்ணு.

அடுத்தது வட்டம். நாலரை மீட்டர் கயிறு எடுத்து ஒரு முனையை நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் கோலமாவு தூவிக்கொண்டே சுற்று. ஐஸ் ரிங்கில் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டைப் போட்டு ஆட்டம் தொடங்கும் வட்டத்தின் அளவு இதுதான். பதினைந்து மீட்டர் அகல கோர்ட்டுக்குள் தாராளமாக அடங்கும். இந்த வட்டத்தில் கிராஸ்ஓவர் பழகு. வெளிக்காலை உள்காலுக்கு மேலாகத் தாண்டி வைப்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள், அதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, தாண்டப்பட்ட உள்கால் வெளி எட்ஜால் உடம்புக்கு அடியில் குறுக்காகத் தள்ளுவது. அந்தத் தள்ளல் இல்லாவிட்டால் நீ படிக்கட்டு ஏறுகிற மாதிரி காலைத் தூக்கி வைக்கிறாய், அவ்வளவுதான்.

ரேஸ் ஓடினேன் என்றாயே, ரேஸ் எப்போதும் இடப்பக்கச் சுற்று. அதனால் இடது பக்கம் திரும்புவது உனக்கு அழகாக வரும், வலது பக்கம் வராது. சொல்லாமலே எனக்குத் தெரியும், என்னிடம் வரும் ரேஸ் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே கதை. ஹாக்கியில் பக் எந்தப் பக்கம் போகும் என்று உன்னைக் கேட்டுக்கொண்டு போகாது. இடது பக்கம் ஒரு சுற்று போனால் வலது பக்கம் மூன்று சுற்று. இந்த மூன்று மாதத்தில் நீ செய்வதில் இதுதான் மிக அதிகப் பலன் தரும். எரிச்சலாகவும் இருக்கும், விடாதே.

பின்னோக்கிப் போவதையும் ஆரம்பித்துவிடு. கால் இரண்டும் தரையை விட்டு எழாமல், ஒரு கால் நேராக நிற்க, மற்ற காலால் அரை வட்டம் வெட்டி உள்ளே கொண்டு வர வேண்டும். உட்கார்ந்திருக்கிற மாதிரி தாழ்ந்திரு. முன்னால் சாய்ந்து தரையைப் பார்க்கத் தோன்றும், நிமிர்ந்து எதிரே பார்.

நிறுத்துவதற்குப் பதிலாக இங்கே ஒன்று பழகலாம். ஒரு காலை அரை அடி முன்னே விட்டு, இரண்டு முழங்காலையும் மடக்கி, தலையையும் தோளையும் முதலில் திருப்பினால் ஸ்கேட் பின்னாலேயே குறுகி வளைந்து வேகத்தைத் தின்றுவிடும். இந்தக் குறுகிய திருப்பம் ஐஸுக்கு அப்படியே வரும். பின்காலை குறுக்கே இழுத்து நிறுத்துவதைத் தெருவில் அவசரத்துக்கு வைத்துக்கொள், அதையே பழக்கமாக்காதே. ஐஸில் எடை முழுவதும் ஒரு காலில் இருக்க, இன்னொன்று பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தால் உடனே திரும்பி ஓட முடியாது.

முதல் நாளிலிருந்தே கையில் ஸ்டிக் இருக்கட்டும். ஸ்கேட் போட்டு நின்றால் ஸ்டிக் உன் தாடை வரை வர வேண்டும், அதைவிட நீளமென்றால் மேலே அறுத்துவிடு. பழகும்போது மேல் கையால் மட்டும் பிடி, ஊன்றுகோலாக அதன் மேல் சாயாதே. இரண்டாம் மாதத்திலிருந்து ஒரு டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டே வட்டம் போடு. பந்தைப் பார்க்கக் குனிந்தால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் எடை விரலுக்கு ஓடும். ஐஸ் பிளேடு முன்னும் பின்னும் லேசாக மேலெழும்பிய வளைவு கொண்டது, எடை விரலுக்குப் போனால் அப்படியே முன்னால் கவிழ்த்துவிடும்.

அம்மாவிடம் இந்தப் பத்தியைக் காட்டு. அம்மா, பயப்படுவது நியாயம். ஆனால் கவசம் இல்லாமல் அவளைத் தெருவில் விடுவதைவிட, கவசத்தோடு ஐஸில் விடுவது பாதுகாப்பானது. முகக் கம்பி வைத்த ஹெல்மெட், கழுத்துக் காப்பு, முழங்கை, முழங்கால், கையுறை, இடுப்புக்குப் பஞ்சு வைத்த பேன்ட், பல் காப்பு, இவை எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு செட். கழுத்துக் காப்பு மட்டும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023-ல் இங்கிலாந்தில் ஒரு ஆட்டத்தில் எதிராளியின் பிளேடு கழுத்தில் பட்டு ஒரு தொழில்முறை வீரர் இறந்தார். அதன் பிறகு சர்வதேசக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் பெரியவர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. பயிற்சி முகாமில் கொடுப்பார்களா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கச்சி, உனக்கும் ஒன்று: விழுவதையும் பழகு. வீட்டில் மெத்தை போட்டு, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் தொடை மேல் விழு. கையைப் பின்னால் ஊன்றாதே, என் மணிக்கட்டை நினைத்துக்கொள். விழுந்ததும் விரல்களை மடக்கி முஷ்டியாக்கு, பக்கத்தில் இன்னொருவர் பிளேடு வரும். எழும்போது ஒரு முழங்காலை ஊன்றி, மற்ற காலின் பிளேடைத் தட்டையாக வைத்து, அந்த முழங்கால் மேல் இரண்டு கையையும் அழுத்தி எழு.

இனி லே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். நம் கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறங்கிய முதல் இரண்டு நாள் ஸ்கேட்டைத் தொடாதே, மெதுவாக நட, தண்ணீர் குடி. தலைவலியோடு வாந்தி வருகிறது என்றால் மறைக்காமல் முகாமில் சொல். கிளம்பும் முன் உங்கள் ஊர் மருத்துவரைப் பார்த்துவிடு. பத்து நாளில் இரண்டு போனால் எட்டு என்று கணக்குப் போட்டு வருத்தப்படாதே. அங்கிருந்து வந்த பெண்கள்தான் நம் அணியில் பெரும்பாலானோர். 2016-ல் தைபேயில் முதல் தடவை வெளிநாட்டில் ஆடி எல்லா ஆட்டமும் தோற்றார்கள். அடுத்த வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று ஜெயித்தார்கள். உறைந்த குளத்தில் வருஷத்தில் இரண்டே மாதம் கிடைக்கும் ஐஸில் பழகி வந்தவர்கள் அவர்கள். உனக்கு எட்டு நாள் கிடைக்கிறது.

அந்த எட்டு நாளும் முதல் பத்து நிமிஷம் நிறுத்துவதற்கு. பலகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் பிளேடை ஏறக்குறைய நிமிர்த்தி வைத்து, நடுப்பாதத்தால் ஐஸை வெளிப்பக்கமாகச் சுரண்டு. தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாகத் தூள் வர வேண்டும். பிளேடை அதிகம் சாய்த்தால் வெட்டிப் பிடித்துக்கொள்ளும், துருவல் வராது. அந்தச் சத்தம் உனக்குப் பழகட்டும், சர்ர்ரென்று ஒரே சீராக. சுவரை விட்டு மெதுவாக ஓடி, விரல்களை லேசாக உள்ளே திருப்பி, குதிகால்களை வெளியே அழுத்தி இரண்டு காலாலும் அதே துருவலை எடு. அது வந்த பிறகுதான் இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் நிற்கும் ஹாக்கி ஸ்டாப். திருப்பும் அந்தக் கணத்தில் லேசாக எழுந்து எடையைக் குறை, திருப்பியதும் மறுபடி உட்கார். இரண்டு பக்கமும் பழகு.

அங்கே கொடுக்கும் ஸ்கேட்டை வாங்கியதும் கட்டைவிரல் நகத்தை பிளேடின் குறுக்கே, நீளவாக்கில் இல்லை, குறுக்கே மெதுவாக இழு. நகத்திலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு வந்தால் கூர் இருக்கிறது. வழுக்கினால் சாணை பிடித்துக் கொடுக்கச் சொல், கூச்சப்படாதே. கடுங்குளிரில் ஐஸ் கல் மாதிரி இறுகியிருக்கும், மழுங்கிய பிளேடு அதில் பிடிக்காது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உன் இன்லைனின் எட்டுச் சக்கரத்தையும் கழற்றி, இடது வலது கலக்காமல், எந்தப் பக்கம் உள்பக்கம் என்று குறித்து, வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பு. உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கணுக்கால் ஐஸில் மட்டும் சாயவில்லை, ஆறு மாதமாகவே சாய்ந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் முதல் மூன்று வாரம் பலகையும் போர்வையும்தான், கோர்ட்டுக்கு அப்புறம் போகலாம். எந்தக் காலில் தேய்மானம் அதிகம் என்பதையும் பார்த்துச் சொல்கிறேன். மாட்டும்போது சக்கரங்களைத் திருப்பி மாட்டிவிடு, தேய்ந்த பக்கம் வெளியே வரட்டும்.

அன்புடன்,
உன் அக்கா
ஸ்கேட்டிங் பயிற்சியாளர், ஓசூர்